நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கமும் காட்டுயிர் வாழிடக் கணக்கெடுப்பும்: சிங்காநல்லூர்க் குளத்துடன் ஒரு வரலாற்று ஒப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

நெய்வேலித் திறந்தவெளிச் சுரங்கம் 1957இல் தொடங்கப்பட்டது. நிலத்தடியில் உள்ள கரியின் பரப்பு, தடிமன், ஆழம், நீரழுத்தம் ஆகியன அதற்கு முன்பே பல ஆண்டுகள் அளக்கப்பட்டிருந்தன. நிலத்தின் மேல் வாழ்ந்த உயிர்களையும் அவற்றின் வாழிடங்களையும் அளந்து பதிய வேண்டும் என்னும் சட்டக் கடப்பாடு அன்று இல்லை. அக்கடப்பாடு 1994இல்தான் உருவானது. ஆகவே, இன்று 'அடிப்படைத் தரவு' என வழங்கப்படுவது, சுரங்கத்தால் ஏற்கெனவே மாறிவிட்ட நிலத்தின் தரவே என்பது இக்கட்டுரையின் கருதுகோள். சுரங்கத்திற்கு முந்தைய வாழிடத்தை எத்தகைய சான்றுகளைக் கொண்டு மீட்டறியலாம், சட்டம் வகுத்த கணக்கெடுப்பு முறை எவற்றைக் காண்கிறது, எவற்றைக் காணத் தவறுகிறது ஆகிய வினாக்களைக் கட்டுரை ஆராய்கிறது. ஒப்பீட்டிற்காகக் கோயம்புத்தூர்ச் சிங்காநல்லூர்க் குளத்தின் பல்லுயிர்ப் பதிவு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: நெய்வேலி, பழுப்பு நிலக்கரி, வாழிடம், அடிப்படைத் தரவு, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு, ஏரி, சிங்காநல்லூர்க் குளம், சூழலியல் வரலாறு.

1. முன்னுரை

தமிழகத்தின் தொழில் வரலாற்றில் நெய்வேலிக்குத் தனி இடம் உண்டு. விடுதலைக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் மின்பற்றாக்குறையால் தவித்த சென்னை மாநிலத்திற்கு அது ஒளி தந்தது. கொங்கு நாட்டின் பஞ்சாலைகளும் பாசனக் கிணறுகளின் மின்னிறைப்பிகளும் நீர்மின்சாரத்தைப் பெரிதும் நம்பியிருந்த நிலை மாறியதில், மாநில மின்தொகுப்பிற்கு நெய்வேலி அளித்த அனல்மின்சாரத்திற்குப் பெரும்பங்குண்டு. எனவே நெய்வேலியின் சூழலியல் வரலாறு கடலூர் மாவட்டத்திற்கு மட்டும் உரியதன்று. அம்மின்சாரத்தைப் பயன்படுத்திய எல்லாப் பகுதிகளின் வரலாற்றிலும் அதற்கு இடம் உண்டு.

நெய்வேலியைப் பற்றிய எழுத்துகளில் தொழில் வளர்ச்சி, தொழிலாளர் இயக்கம், நிலமெடுப்பு, புலம்பெயர்வு ஆகியன விரிவாகப் பேசப்பட்டுள்ளன. அந்நிலத்தில் வாழ்ந்த பிற உயிர்களின் வரலாறு அந்த அளவிற்குப் பேசப்படவில்லை. அவ்வரலாற்றை எழுத முற்படும் ஆய்வாளர் முதலில் எதிர்கொள்வது சான்றுச் சிக்கல். 'முன்பு என்ன இருந்தது?' என்ற வினாவிற்கு விடை தரும் ஆவணம் எப்போது, எவரால், எந்நோக்கில் உருவாக்கப்பட்டது என்பதை அறியாமல் இழப்பையோ ஆதாயத்தையோ மதிப்பிட இயலாது. கணக்கெடுப்பு என்பது அறிவியல் செயல்பாடு. அதே வேளையில் அது ஒரு காலத்தின் ஆவணமும் ஆகும். இக்கட்டுரை அதனை ஆவணமாகக் கொண்டு வாசிக்கிறது.

2. அளக்கப்பட்ட நிலத்தடி

தென்னார்க்காட்டு நிலத்தடியில் பழுப்பு நிலக்கரி உள்ளது என்ற செய்தி 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்டிருந்த பாகூர்ப் பகுதியில் ஊற்றுக்கிணறுகள் தோண்டப்பட்டபோது தெரியவந்தது. 1934இல் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் ஆழ்துளை இட்டபோது நீருடன் கரிய பொருள் வெளிவந்த நிகழ்வு, இச்சுரங்கத்தின் தோற்றக் கதையாகவே இன்றும் கூறப்படுகிறது. 1940களில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இங்குத் துளையிட்டு ஆராய்ந்தது. பின்னர்ச் சென்னை மாநில அரசின் சார்பில் சுரங்கப் பொறியாளர் எச். கே. கோஷ் தலைமையில் துளையிடும் பணி விரிவாக நடைபெற்றது. 1950களில் பிரிட்டனைச் சேர்ந்த பவல் டஃப்ரின் நிறுவனம் திட்ட அறிக்கை அளித்தது. 1956 நவம்பர் 14இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரிக் கழகம் நிறுவப்பட்டது. 1957 மே 20இல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் முதற்கரி வெளிப்பட்டது. சோவியத் உதவியுடன் அமைந்த அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1962இல் இயங்கத் தொடங்கியது.

இவ்வரலாற்றில் ஓர் இயல்பு கருதத்தக்கது. கரி கண்டறியப்பட்டது முதல் வெட்டியெடுக்கப்படும் வரையிலான ஏறத்தாழக் கால் நூற்றாண்டும் அளவீட்டின் காலமே. கரிப்படிவிற்கு மேலுள்ள மண்ணடுக்கு ஏறத்தாழ 45 மீட்டர் முதல் 100 மீட்டர் வரை தடிமன் உடையது என்பதும், படிவிற்குக் கீழே பேரழுத்தத்தில் நீர்த்தாங்கி உள்ளது என்பதும், அந்நீரை இடைவிடாது இறைத்து அழுத்தத்தைக் குறைத்தாலன்றிச் சுரங்கத்தின் அடித்தளம் வெடித்து நீர் பொங்கும் என்பதும் இவ்வளவீட்டின் வழியே அறியப்பட்டவை. நீரழுத்தக் கட்டுப்பாடு இத்திட்டத்தின் பெரும் பொறியியல் அறைகூவலாக இருந்தது. ஜெர்மனியிலிருந்து தருவிக்கப்பட்ட வாளிச்சக்கர அகழ்பொறிகள் கடினமான கடலூர் மணற்கல்லைத் தோண்டத் திணறியதும், வெடிவைத்துத் தளர்த்தும் முறையைக் கையாள நேர்ந்ததும் பொறியியல் வரலாற்றில் பதிவாகியுள்ளன.

நிலத்தின் அகம் மீட்டர் கணக்கில் அளக்கப்பட்ட அக்காலத்தில், நிலத்தின் மேற்பரப்பு வருவாய்த் துறையின் கணக்கில் மட்டுமே இடம்பெற்றது. நன்செய், புன்செய், தரிசு, புறம்போக்கு, மரங்களின் எண்ணிக்கை ஆகியன இழப்பீட்டின் பொருட்டுக் கணக்கிடப்படுபவை. ஒரு புளியமரம் வருவாய்ப் பதிவில் மதிப்புடையது. அதில் கூடுகட்டும் பறவைக்கு அப்பதிவில் இடமில்லை. இதனைத் தனிமனிதரின் குறையாகவோ ஒரு நிறுவனத்தின் குறையாகவோ கொள்ளுதல் வரலாற்று நோக்கன்று. காட்டுயிர் ஆய்வுக்கெனத் தேசிய அளவில் அமைந்த இந்தியக் காட்டுயிர் நிறுவனம் தேராதூனில் 1982இல்தான் உருவானது. கோயம்புத்தூரை அடுத்த ஆனைகட்டியில் உள்ள சாலிம் அலி பறவையியல், இயற்கை வரலாற்று மையம் 1990இல் தொடங்கப்பட்டது. அளப்பதற்கான சட்டமும் நிறுவனமும் சுரங்கம் பிறந்து ஒரு தலைமுறைக்குப் பின்னரே தோன்றின.

3. முந்தைய வாழிடத்திற்கான சான்றுகள்

முறையான கணக்கெடுப்பு இல்லாத காலத்து வாழிடத்தை அறிய நால்வகைச் சான்றுகள் உதவுகின்றன. ஒவ்வொன்றிற்கும் ஒரு பயனும் ஓர் எல்லையும் உண்டு.

முதலாவது, ஆங்கிலேய ஆட்சிக்கால மாவட்ட நூல்கள். கார்ஸ்டின் தொகுத்த தென்னார்க்காடு மாவட்டக் கையேடு (1878), டபிள்யூ. பிரான்சிஸ் எழுதிய தென்னார்க்காடு மாவட்ட விவரச்சுவடி (1906) ஆகியன இப்பகுதிக்கு உரியவை. கொங்கு நாட்டிற்கு நிக்கல்சனின் கோயம்புத்தூர் மாவட்டக் கையேடு (1887) இவ்வகையில் அமைந்தது. இவ்வகை நூல்களில் விலங்குகளைப் பற்றிய பகுதி பெரும்பாலும் உழவு மாடுகள், ஆடுகள் ஆகியவற்றில் தொடங்கி வேட்டை விலங்குகளில் முடியும். வருவாய்க்கும் வேட்டைக்கும் பயன்படாத உயிர்களுக்கு அங்கு இடம் குறைவு. எனினும் ஏரிகள், காட்டுப் புறம்போக்குகள், மண் வகைகள் பற்றிய செய்திகளிலிருந்து வாழிடத்தின் புறவடிவத்தை ஓரளவு வரைந்துகொள்ளலாம்.

இரண்டாவது, இயற்கை வரலாற்று ஆய்வுகள். சென்னை மாகாணப் பறவைகளைப் பட்டியலிட்ட ஜெர்டன், 1911இல் தொடங்கிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பாலூட்டிகள் ஆய்வு, 1929-30இல் நடைபெற்ற வெர்னேயின் கிழக்குத் தொடர்ச்சி மலை ஆய்வு ஆகியன தமிழ்நிலத்து உயிர்களைப் பற்றிய முதன்மை ஆவணங்கள். ஆயினும் இவ்வாய்வாளர்களின் கவனத்தை மலைகளும் காடுகளுமே மிகுதியாக ஈர்த்தன. வயலும் ஏரியும் முந்திரித் தோப்புமாக விரிந்த சமவெளி, அரியது எதுவும் இல்லாத இடமாகவே கருதப்பட்டு வந்தது. இம்மனப்போக்கு பிற்காலச் சட்டத்திலும் தொடர்ந்ததைப் பின்னர்க் காணலாம்.

மூன்றாவது, ஊர்ப்பெயர்களும் உயிர்ப்பெயர்களும். ரா. பி. சேதுப்பிள்ளையின் 'தமிழகம் ஊரும் பேரும்' (1946) காட்டிய வழியில் நோக்கினால், நெய்வேலி வட்டாரத்து ஊர்ப்பெயர்கள் சிலவற்றில் தாவரங்கள் பொதிந்துள்ளமை புலப்படும். மந்தாரக்குப்பம் மந்தாரை மரத்தையும், கத்தாழை அப்பெயர்ச் செடியையும், விருத்தாசலத்தை அடுத்த ஆலடி ஆலமரத்தையும் நினைவூட்டுகின்றன. உயிர்ப்பெயர்கள் இன்னும் நுட்பமானவை. இன்று தமிழகத்தில் காண்பதற்கு அரிதாகிவிட்ட ஒரு புல்வெளிப் பறவைக்கு 'வரகுக்கோழி' என்பது பெயர். வரகு விளைந்த புன்செயே அதன் இருப்பிடமாக மக்களால் அறியப்பட்டது என்பதற்கு அப்பெயரே சான்று. ஆயினும் பெயர் ஓர் உயிரின் இருப்பைச் சுட்டுமேயன்றி, அதன் எண்ணிக்கையையோ காலத்தையோ சுட்டாது.

நான்காவது, இலக்கிய மரபு. தொல்காப்பியம் கூறும் கருப்பொருள் கோட்பாடு தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் ஆகியவற்றை நிலத்தோடு பிணைக்கிறது. உயிரினத்தையும் வாழிடத்தையும் தொழிலையும் ஒரே தொகுதியாகக் கண்ட பார்வை அது. இதனை நவீனக் கணக்கெடுப்பின் முன்னோடி என உரிமைகொண்டாடுவது பொருந்தாது. திணை என்பது கவிதைக்கான ஒழுங்கு. குறிப்பிட்ட ஊரின் பதிவன்று. ஆயினும் மருதத்து வயலையும் பொய்கையையும் பறவைகளின் இயல்பான இருப்பிடமாகக் கொண்ட பார்வை, காட்டை மட்டுமே வாழிடமாகக் கொள்ளும் நிருவாகப் பார்வையிலிருந்து வேறுபட்டது என்பது இங்குக் குறிக்கத்தக்கது.

இச்சான்றுகளால் கிடைக்கும் சித்திரம் கலப்பானது. நெய்வேலி, பண்ருட்டி வட்டாரத்துச் செம்மண் மேட்டுநிலம். அதன் மீது முந்திரித் தோப்புகள். கிழக்கிலும் தெற்கிலும் ஏரிப்பாசன நன்செய். கோயில்களை ஒட்டிய காவுகளில் எஞ்சிய உலர் பசுமைமாறாக் காட்டின் துண்டுகள். மழைக்காலத்தில் நிறைந்து கோடையில் வற்றும் நீர்நிலைகள். இவற்றுள் முந்திரி பிரேசில் நாட்டு மரம். போர்த்துக்கீசியர் வழியாக இந்தியாவிற்கு வந்தது. எனவே சுரங்கத்திற்கு முந்தைய நிலம் மனிதக் கை படாத இயற்கை நிலம் என்று கொள்வதும் பிழையாகும். உழவும் பாசனமும் வணிகமும் பல நூற்றாண்டுகளாக உருவாக்கிய வாழிடம் அது. சுரங்கம் மாற்றியது அத்தகைய நிலத்தையே.

4. சட்டம் வகுத்த கணக்கெடுப்பு

காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972இலும், வனப் பாதுகாப்புச் சட்டம் 1980இலும், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986இலும் இயற்றப்பட்டன. 1994 சனவரி 27இல் வெளியான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, 5 ஹெக்டேருக்கு மேற்பட்ட பெருங்கனிமச் சுரங்கங்களுக்கு முன்னனுமதியைக் கட்டாயமாக்கியது. மக்கள் கருத்துக்கேட்பு 1997இல் சேர்க்கப்பட்டது. 2006 செப்டம்பர் 14இல் வெளியான புதிய அறிவிக்கை இன்றுவரை, பல திருத்தங்களுடன், நடைமுறையில் உள்ளது. 1957இல் தொடங்கிய சுரங்கத்தின் பிற்கால விரிவாக்கங்களே இச்சட்டத்தின் பார்வைக்குள் வந்தன.

இச்சட்டத்தின் கீழ் நடைபெறும் கணக்கெடுப்பு குறிப்பிட்ட வடிவம் உடையது. சுரங்கப் பரப்பு மையப்பகுதி எனவும், அதனைச் சுற்றி 10 கிலோமீட்டர் ஆரமுள்ள பரப்பு இடையகப்பகுதி எனவும் வகுக்கப்படும். தாவரங்களுக்குச் சதுரக் கட்ட முறையும், பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் நேர்கோட்டு நடைமுறையும் நிலைப்புள்ளி எண்ணிக்கையும் பின்பற்றப்படும். காலடித்தடம், எச்சம், வளை ஆகிய மறைமுகச் சான்றுகளும் குறிக்கப்படும். சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம் காணப்பட்டால், அதற்கெனத் தனிப் பாதுகாப்புத் திட்டம் வகுக்கப்பட வேண்டும். தேசியப் பூங்கா, சரணாலயம், காப்புக்காடு ஆகியன எல்லைக்குள் உள்ளனவா என்பதும் கூறப்பட வேண்டும்.

இவ்வடிவம் மூன்று இடங்களில் நெய்வேலியின் நிலவியல்போடு முரண்படுகிறது.

முதல் முரண், பருவம் பற்றியது. நிலக்கரிச் சுரங்கங்களுக்கான ஆய்வு வரையறைகள் பொதுவாக மழைக்காலம் நீங்கிய ஒரு பருவத்தின் தரவைக் கோருகின்றன. கடலூர் மாவட்டத்தின் மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் திசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைப்பது. ஏரிகள் நிறைவதும், தவளைகள் குரலெழுப்பி இனம்பெருக்குவதும், வலசைப் பறவைகள் வந்திறங்குவதும் அப்பருவத்திலும் அதனை அடுத்த மாதங்களிலும்தான். கோடையில் மட்டும் எடுக்கப்படும் கணக்கு, நிலம் வற்றியிருக்கும் காலத்தின் கணக்காகவே அமையும். அக்கணக்கு பொய்யன்று. ஆனால் ஆண்டு முழுமைக்கும் அதனைச் சான்றாகக் கொள்ள இயலாது.

இரண்டாம் முரண், வாழிட வகைப்பாடு பற்றியது. காடு என்னும் சட்டப் பெயர் பெறாத நிலம் வாழிடமாகக் கருதப்படுவது அரிது. எல்லைக்குள் சரணாலயமோ தேசியப் பூங்காவோ இல்லை என்ற ஒற்றை வரி, வயல், ஏரி, பனைவரிசை, காவு, களர்நிலம் ஆகிய அனைத்தையும் ஒருசேரக் கடந்துவிடுகிறது. தமிழகத்தில் நீர்ப்பறவைகளின் வரலாறு ஏரிகளின் வரலாறே என்பதற்கு வேடந்தாங்கல் சான்று. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் பயிருக்கு உரமாவதை அறிந்த ஊரார், 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பறவைகளைச் சுட வந்தோரைத் தடுத்து, ஆங்கிலேய அதிகாரியிடம் உரிமைப்பத்திரம் பெற்றனர். அரசு அதனைச் சரணாலயம் என அழைப்பதற்கு முன்பே அது வாழிடமாக இருந்தது.

மூன்றாம் முரண், அட்டவணை பற்றியது. மயில் தேசியப் பறவை. சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. தமிழகச் சமவெளிகளில் அது இன்று பரவலாகக் காணப்படுகிறது. கொங்கு நாட்டு உழவர்கள் மயிலால் நேரும் பயிரிழப்பைப் பற்றி முறையிடும் நிலையும் உள்ளது. அட்டவணையை மட்டும் நோக்கும் கணக்கெடுப்பு, பெருகிவரும் மயிலுக்குத் திட்டம் வகுத்துவிட்டு, குறைந்துவரும் ஆயினும் அட்டவணையில் உயர்ந்த இடம் பெறாத வயல்வெளி உயிர்களைப் பெயரளவில் பட்டியலிட்டு நின்றுவிடக் கூடும்.

5. சுரங்கம் உருவாக்கிய வாழிடம்

சுரங்கம் வாழிடத்தை அழித்தது என்று மட்டும் கூறினால் வரலாறு முழுமையடையாது. அது புதிய வாழிடங்களையும் உருவாக்கியது. இதுவே கணக்கெடுப்பின் பொருளை மேலும் சிக்கலாக்குகிறது.

சுரங்கத்தின் பாதுகாப்பிற்காக இரவும் பகலும் இறைக்கப்படும் நிலத்தடிநீரின் ஒரு பகுதி பரவனாற்றின் வழியே வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் செல்கிறது. பருவமழையை நம்பியிருந்த நீர்நிலைகள் கோடையிலும் நீருடையனவாயின. அவற்றின் பாசனத்திலுள்ள உழவர்களுக்கு அது பயன். ஆண்டு முழுதும் நீர் வேண்டும் பறவைகளுக்கும் அது வாய்ப்பு. ஆனால் வற்றும் ஏரிக்கென்று ஒரு சூழலியல் உண்டு. நீர் வடியும்போது வெளிப்படும் சேற்றுக்கரையில்தான் உள்ளான் முதலிய கரைப்பறவைகள் இரைதேடும். நீர்மட்டம் மாறாத ஏரியில் ஆழநீர்ப் பறவைகளும் மீன் உண்ணும் பறவைகளும் மிகலாம். சேற்றுக்கரைப் பறவைகளுக்கு இடம் குறையலாம். மொத்த எண்ணிக்கை உயர்ந்தாலும் உயிர்த்தொகுதியின் இயல்பு மாறிவிடும். மேலும் அந்த நீர், சுற்றுவட்டார ஊர்களில் ஒருகாலத்தில் தானாகப் பொங்கிய ஊற்றுக்கிணறுகளின் அழுத்தத்தைக் குறைத்துப் பெறப்பட்ட நீர். ஏரியில் காணும் வளத்தையும் கிணற்றில் காணும் வறட்சியையும் தனித்தனி அறிக்கைகளில் வைத்தால் இரண்டிற்குமுள்ள உறவு தெரியாது போகும்.

அகழ்ந்த மண்ணைக் குவித்த மேடுகளின் மீதும், கரி எடுத்தபின் நிரப்பப்பட்ட நிலத்தின் மீதும் மரங்கள் நடப்பட்டன. பசுமைப் பரப்பு என்ற அளவில் அது உண்மை. ஆயினும் ஆழத்திலிருந்து மேலே வந்த மண்ணில் உயிர்ச்சத்தும் நுண்ணுயிரும் குறைவு. மேல்மண் தனியே சேமிக்கப்பட்டு மீண்டும் பரப்பப்பட்டாலன்றி முந்தைய தாவரத்தொகுதி திரும்புவது கடினம். நகரியத்தின் நிழல்மரச் சாலைகளும் இவ்வாறே புதியதொரு வாழிடம். அங்குக் குயிலும் மாங்குயிலும் பெருகுவது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் கௌதாரியும் ஆள்காட்டியும் வாழ்ந்த திறந்தவெளிக்கு அது மாற்றாகாது.

மீன்வள அறிஞர் டேனியல் பாலி 1995இல் முன்வைத்த 'நகரும் அடிப்படை' என்னும் கருத்து இங்கு விளக்கம் தருகிறது. ஒவ்வொரு தலைமுறை ஆய்வாளரும் தாம் பணியைத் தொடங்கியபோது கண்ட நிலையையே இயல்புநிலை எனக் கொள்கின்றனர். அதற்கு முந்தைய இழப்பு கணக்கிலிருந்து நழுவிவிடுகிறது. நெய்வேலியில் 1990களுக்குப் பின் எடுக்கப்படும் எந்தக் கணக்கும், அது எவ்வளவு நேர்மையானதாயினும், நாற்பதாண்டுச் சுரங்கப் பணிக்குப் பிந்தைய நிலத்தைத் தொடக்கமாகக் கொள்கிறது. விரிவாக்கத்தின் தாக்கம் அதிலிருந்தே அளக்கப்படுவதால், தாக்கம் சிறிதாகத் தோன்றுவது இயல்பே.

பிற நாட்டு வரலாறும் இதனைத் தெளிவாக்கும். அமெரிக்காவில் 1977இல் இயற்றப்பட்ட மேற்பரப்புச் சுரங்கக் கட்டுப்பாடு, மீட்புச் சட்டத்தின் வழிவந்த விதிகள், உரிமம் கோருவோர் மீன், காட்டுயிர் வளங்கள் பற்றிய தகவலை முன்கூட்டியே அளிக்க வேண்டும் என்றன. ஜெர்மனியின் லௌசிட்ஸ் பகுதியில் பழுப்பு நிலக்கரிக்காகச் சோர்பு மக்களின் ஊர்கள் பல மறைந்தன. கரி தீர்ந்த பள்ளங்கள் இன்று ஏரிகளாக நிரப்பப்பட்டுள்ளன. அவ்வேரிகளின் பறவைகள் புதிய வளம் எனப் போற்றப்படுகின்றன. ஆனால் மறைந்த ஊர்களின் நிலத்தை அப்பறவைகளைக் கொண்டு அறிய முடியாது.

6. ஒப்பீடு: சிங்காநல்லூர்க் குளம்

கோயம்புத்தூரின் கிழக்குப் பகுதியிலுள்ள சிங்காநல்லூர்க் குளம் நொய்யலாற்றுக் குளத்தொடரைச் சேர்ந்தது. ஏறத்தாழ 1.15 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. நொய்யலின் வாய்க்கால் நீரோடு சங்கனூர்ப் பள்ளத்தின் நகரக் கழிவுநீரும் இதில் வந்து சேர்கிறது. இங்குச் சுரங்கம் இல்லை. நகரமே நிலத்தை மாற்றிய ஆற்றலாகும். பாசனக் குளமாக இருந்தது, ஆயக்கட்டு வீட்டுமனைகளாக மாறியபின், பாசனப் பயனை இழந்து கழிவுநீர் தேங்கும் இடமாகியது. 2010இல் மாநகராட்சி இதனைப் பொதுப்பணித் துறையிடமிருந்து நீண்டகாலக் குத்தகைக்குப் பெற்றது. குளத்திலும் கரையிலும் பறவைகள், வண்ணத்துப்பூச்சிகள், ஊர்வன, தாவரங்கள் எனத் துறைவாரியாகக் கணக்கெடுக்கப்பட்டு 700க்கும் மேற்பட்ட உயிரினங்கள் பதிவாயின. 2017இல் மாநகராட்சி இதனை நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்தது.

நெய்வேலியோடு ஒப்பிடுகையில் இரு செய்திகள் புலனாகின்றன. ஒன்று, சிங்காநல்லூரின் பதிவும் பிந்தைய பதிவே. நொய்யல் தெளிந்தோடிய காலத்துக் குளத்தை அது காட்டாது. கழிவுநீரில் தழைக்கும் ஆகாயத்தாமரை படர்ந்த குளத்தையே காட்டும். எண்ணிக்கையின் பெருமையால் நீரின் நிலையை மறந்துவிடக் கூடாது. நத்தைக்குத்தி நாரையும் கூழைக்கடாவும் கூடுவதால் நீர் தூயது என்று முடிவுகட்ட இயலாது.

மற்றொன்று, பதிவின் பயன் வேறு. நெய்வேலியில் கணக்கெடுப்பு, ஒரு திட்டத்திற்கு அனுமதி பெறும் நடைமுறையின் உறுப்பு. அனுமதி கிடைத்ததும் அதன் முதன்மைப் பணி முடிந்துவிடுகிறது. சிங்காநல்லூரில் அது குளத்திற்கு ஒரு பெயரையும் தகுதியையும் பெற்றுத் தந்தது. மாணவரும் தன்னார்வப் பறவை நோக்கர்களும் ஆண்டுதோறும் மீண்டும் எண்ணுவதால் பட்டியல் வளர்கிறது, மாற்றம் தெரிகிறது. காடு என்ற சட்டப் பெயர் இல்லாத நீர்நிலையும் வாழிடம் என ஏற்கப்படலாம் என்பதற்குத் தமிழகத்திலேயே கிடைத்துள்ள முன்மாதிரி இது. அதே தகுதி வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் உரியதாகுமா என்ற வினாவை இவ்வொப்பீடு எழுப்புகிறது.

7. கணக்கெடுப்பின் இன்றைய முதன்மை

இவ்வினா பழைய காலத்தோடு நின்றுவிடுவதன்று. 2023 மார்ச்சு மாத இறுதியில் நடுவணரசின் நிலக்கரி அமைச்சகம் ஏலத்திற்கு அறிவித்த பகுதிகளில் கிழக்குச் சேத்தியாத்தோப்பு, மைக்கேல்பட்டி, வடசேரி ஆகிய பழுப்பு நிலக்கரிப் பகுதிகளும் இருந்தன. 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தைச் சுட்டித் தமிழக அரசு எதிர்ப்புத் தெரிவித்தது. ஏப்ரல் 8இல் அம்மூன்று பகுதிகளும் ஏலத்திலிருந்து நீக்கப்படுவதாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு சூலையில் வளையமாதேவியில் பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காகப் பயிர் நின்ற வயல்களில் இயந்திரங்கள் இறங்கியபோது எழுந்த எதிர்ப்பு மாநிலமெங்கும் பேசப்பட்டது.

இவ்விரு நிகழ்வுகளிலும் விவாதம் பயிர், இழப்பீடு, வேலைவாய்ப்பு, நிலத்தடிநீர் என்பவற்றைச் சுற்றியே அமைந்தது. அவை மக்களின் வாழ்வுரிமை என்பதால் அது முறையே. ஆயினும் அப்பகுதிக்கு அண்மையில், முதலாம் பராந்தகன் காலத்து வீரநாராயணன் ஏரியாகிய வீராணம் உள்ளது. சோழர் காலம் தொட்டு நீடிக்கும் ஏரியும், அதன் ஆயக்கட்டு வயல்களும், அவற்றை நாடிவரும் பறவைகளும் ஒரே வாழிடத்தின் உறுப்புகள். 1957இல் செம்மண் மேட்டில் தவறவிட்டதை, நாளை வேறொரு பகுதியில் அகழ்வு தொடங்குமாயின், மீண்டும் தவறவிட வாய்ப்புண்டு. அங்கு இன்னும் மண் புரட்டப்படவில்லை. முன்பதிவு உருவாக்கத் தக்க காலம் அதுவேயாகும்.

அதற்கான சட்ட வழியும் உள்ளது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பன்மைச் சட்டத்தின் கீழ் உள்ளாட்சிகள் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டை உருவாக்க வேண்டும். ஊர்மக்களின் அறிவை, ஊர்மக்களின் சொற்களில் பதியும் வாய்ப்பு அது. ஓர் உள்ளான் எந்த மாதத்தில் எந்த ஏரியின் எந்தக் கரையில் இறங்கும் என்பதை ஒரு பருவம் மட்டும் வந்துசெல்லும் ஆய்வுக்குழுவைக் காட்டிலும் நீர்பாய்ச்சுவோர் நன்கறிவர். சுரங்கத்திற்கு நிலமளித்துப் பெயர்ந்த முதல் தலைமுறையினர் இன்று முதுமையின் எல்லையில் உள்ளனர். அவர்கள் நினைவிலுள்ள மரப்பெயரும் பறவைப்பெயரும் வாய்மொழி வரலாறாகத் தொகுக்கப்படுமாயின், மேற்கூறிய நால்வகைச் சான்றுகளோடு ஐந்தாவது சான்றாக அது அமையும்.

8. முடிவுரை

இவ்வாய்வின் வழிப் பெறப்பட்ட முடிவுகள் வருமாறு:

1. நெய்வேலியில் நிலத்தடி வளம் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு அளக்கப்பட்டது. நிலமேல் உயிர்வளத்தை அளக்கும் சட்டக் கடப்பாடு சுரங்கம் தொடங்கி 37 ஆண்டுகளுக்குப் பின்னரே வந்தது. எனவே இன்றைய அடிப்படைத் தரவு சுரங்கத்திற்குப் பிந்தையது.

2. ஒரு பருவத் தரவு, காட்டை மட்டும் வாழிடமாகக் கொள்ளும் வகைப்பாடு, அட்டவணைசார் முன்னுரிமை ஆகிய மூன்றும் வடகிழக்குப் பருவமழையை நம்பிய ஏரிப்பாசன நிலத்தின் இயல்போடு பொருந்தவில்லை.

3. சுரங்கநீராலும் மரநடவாலும் உருவான புதிய வாழிடங்கள் மெய்யானவை. ஆயினும் அவற்றின் உயிர் எண்ணிக்கையை முந்தைய வாழிடத்தின் இழப்பிற்கு ஈடாகக் காட்டுவது வகைமாற்றப் பிழை.

4. சிங்காநல்லூர்க் குளத்தின் பதிவு, காடல்லாத நீர்நிலையும் பாதுகாப்புத் தகுதி பெறலாம் என்பதைக் காட்டுகிறது. பதிவின் மதிப்பு பட்டியலின் நீளத்தைப் பொறுத்ததன்று. அது எடுக்கப்பட்ட காலம், மீண்டும் எடுக்கப்படும் ஒழுங்கு, அது எவர் கையில் உள்ளது என்பவற்றைப் பொறுத்தது.

மாவட்ட நூல்கள், ஊர்ப்பெயர்கள், உயிர்ப்பெயர்கள், வாய்மொழி நினைவுகள் ஆகியவற்றைத் தொகுத்து நெய்வேலி வட்டாரத்தின் முந்தைய வாழிடத்தை ஊர்வாரியாக வரைவது அடுத்து மேற்கொள்ளத்தக்க பணி. தமிழியல், வரலாறு, விலங்கியல், தாவரவியல் துறையினர் இணைந்தாலன்றி அது நிறைவேறாது. வீராணத்தின் ஆயக்கட்டு ஊர்களில் அப்பணியைத் தொடங்கினால், ஆவணம் அகழ்வை முந்திக்கொள்ளும்.